கிளிநொச்சியில் பெரியவர்களுக்கான பேச்சு ஆங்கில வகுப்பு: மூன்று மாதம் போன பிறகு எழுதுவது

என் பெறாமகளுக்கு ஒன்பது வயது. அக்காவின் கடைசிப் பிள்ளை, கனடாவில் ஸ்காபரோவில் பிறந்தவள். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அவர்களுக்குச் சனி இரவு. அந்த நேரத்தில்தான் அக்கா வட்ஸ்அப்பில் வீடியோ எடுப்பா. பிள்ளைக்குத் தமிழ் விளங்கும், வாயில் வராது. எனக்கு ஆங்கிலம் எழுத்தில் கண்டால் அரைவாசி விளங்கும், வாயில் வராது. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்தே இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டோம்.

அவள் போனை வைக்கும்போது எப்பவும் ஒரே மாதிரித்தான் வைப்பாள். "சித்தி, ஐ ஹாவ் டு ஸ்கிடாடில்!" சொல்லி முடிக்க முதல் ஆள் திரையில் இருக்கமாட்டாள். கதிரை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். அது என்ன சொல் என்று அக்காவிடம் கேட்டேன். "ஏதோ போறன் எண்டு சொல்லுறாள், விடு" என்றா அக்கா. விட மனம் வரவில்லை. ஒரு பிள்ளை எனக்கென்று ஒவ்வொரு கிழமையும் சொல்லுகிற சொல். அது எனக்கு விளங்காமல் இருக்கிறது என்பது நெஞ்சுக்குள் ஒரு முள் மாதிரிக் கிடந்தது.

நான் தர்மபுரத்தில் வீட்டோடு தையல்கடை வைத்திருக்கிறேன். வகுப்புக்குப் போகிற வயது தாண்டிவிட்டது என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அதே எண்ணத்தோடு இருக்கிற மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் போன இடத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. பேரும் சொல்லமாட்டேன். பன்னிரண்டாயிரம் ரூபாய் முன்காசாக வாங்கினார்கள். ஐந்நூறு வசனம் அடித்த புத்தகம் ஒன்று தந்தார்கள். வகுப்பில் அந்த வசனங்களை எல்லாரும் சேர்ந்து சத்தமாகச் சொல்லவேண்டும். இரண்டாம் கிழமை கையை உயர்த்தி என் சொல்லைக் கேட்டேன். படிப்பித்த சேர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பிடி ஒரு சொல் இங்கிலீசில இல்லை, பிள்ளை பிழையாச் சொல்லியிருக்கும். சோதினைக்கு வராத சொல்லுகளைக் கேட்டு மற்றவையின்ர நேரத்தையும் வீணாக்காதேங்கோ" என்றார். எனக்குச் சோதினையே இல்லை. நாலு கிழமையோடு நின்றுவிட்டேன். காசு திரும்பி வரவில்லை.

இப்போது போகிற வகுப்பு ரவுனுக்குள் ஒரு கடையின் மேல்மாடியில் நடக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை. பெயர்ப்பலகை கிடையாது. படி ஏறும் இடத்தில் கடதாசியில் எழுதி ஒட்டியிருப்பார்கள், மழை பெய்தால் அதுவும் இருக்காது. மாதம் இரண்டாயிரத்தைந்நூறு. படிப்பிக்கிற ரீச்சர் வன்னிப் பள்ளிக்கூடங்களிலேயே படிப்பித்து ஓய்வெடுத்தவர். இடம்பெயர்ந்த காலத்தில் மரத்துக்குக் கீழேயும் வகுப்பு வைத்தவர் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். எங்கள் பிரிவில் பதினான்கு பேர். தாதிப் பயிற்சிக்குக் காத்திருக்கிற பிள்ளை ஒருத்தி, ஓட்டோ ஓடுகிற அண்ணை ஒருவர், பரந்தனிலிருந்து வருகிற ஒரு தகப்பனும் மகளும், வெளிநாட்டுக்குச் சோதினை எடுக்கிற பெடியள் மூன்று பேர், என்னைப் போலக் குடும்பப் பெண்கள். வயதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இலக்கணம், உரையாடல் எல்லாம் மற்ற இடங்களில் நடக்கிற மாதிரித்தான். இந்த வகுப்பை மற்றவற்றிலிருந்து பிரிப்பது கடைசி அரை மணித்தியாலம். அதற்கு ரீச்சர் வைத்திருக்கிற பேர் "கொண்டுவந்த சொல்". ஒவ்வொரு கிழமையும் ஒருவர், தான் எங்கேயாவது காதால் கேட்டு விளங்காமல் போன ஒரு சொல்லைக் கொண்டுவரவேண்டும். புத்தகத்தில் பார்த்த சொல் கூடாது. யாரோ ஒரு மனிசர் வாயால் சொன்னதாக இருக்கவேண்டும். தாதிப் பிள்ளை ஒருமுறை "ஹாங் ஒன்" கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த வெளிநாட்டு டொக்டர் ஒருவர் இவளைப் பார்த்து அப்படிச் சொன்னாராம். தொங்கு என்று ஏன் சொல்லுகிறார் என்று பிள்ளை பயந்துபோனாளாம். "கொஞ்சம் பொறு" என்பதுதான் அது என்று அன்றைக்கு எல்லாரும் படித்தோம். நான் இனி மறக்கமாட்டேன்.

ஐந்தாம் சனிக்கிழமை என் முறை வந்தது.

சொல்லைச் சொன்னேன். ரீச்சர் உடனே பொருள் சொல்லவில்லை. "பிள்ளை அதை எப்பிடிச் சொன்னவள் எண்டு செய்து காட்டுங்கோ" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழும்பி, கையை ஆட்டி, அவள் கதிரையிலிருந்து வழுக்கி இறங்கி ஓடுகிற மாதிரிச் செய்து காட்டினேன். "முகம் சிரிச்சதோ, பயந்ததோ?" "சிரிச்சது ரீச்சர்." "ஆரும் துரத்தினவையோ?" "இல்லை." "சரி. இப்பிடி ஒரு பிள்ளை சிரிச்சுக்கொண்டு பறந்தடிச்சு ஓடினால் எங்கடை ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

பலகை நிறையத் தொடங்கியது. மாறிட்டான். கழண்டிட்டான். நழுவிட்டான். கம்பி நீட்டிட்டான். ஓட்டமெடுத்தான். விழுந்தடிச்சு ஓடினான். பிடரியில குதிக்கால் பட ஓடினான். பறந்திட்டான். பரந்தன் ஐயா "நடையைக் கட்டினான்" என்றதையும் சேர்த்தார். ரீச்சரின் மார்க்கர் இரண்டு தரம் காய்ந்துபோனது. மூடியைப் போட்டுக் குலுக்கி, திரும்ப எழுதினார்.

பிறகு ஒவ்வொரு சொல்லாகக் கேள்வி கேட்டார். நான் இவ்வளவு காலமும் வாயால் சொல்லிக்கொண்டு திரிகிற சொற்களை இப்படிப் பிரித்துப் பார்த்ததே இல்லை. மாறுகிறவன் சத்தம் போடுவானோ? போடமாட்டான். கூட்டம் நடந்துகொண்டிருக்கும், பார்த்தால் ஆள் இல்லை, "ஆள் மெல்ல மாறிட்டார்" என்போம். மாறுவதற்கு வேகம் தேவையில்லை. ஒருவரும் காணக்கூடாது என்பதுதான் தேவை. கழருவதும் அப்படித்தான். ஆனால் அதில் ஒரு பொறுப்பிலிருந்து விடுபடுகிற குணம் இருக்கிறது. வேலை தலையில் விழப்போகிற நேரம் பார்த்துக் கழருவது. கம்பி நீட்டினவன் பெரும்பாலும் யாருக்கோ காசு குடுக்கவேண்டியவன். விழுந்தடிச்சு ஓடினவனுக்குப் பின்னால் பயமோ முன்னால் அவசரமோ இருக்கவேண்டும், அதிலே சிரிப்பில்லை. பறந்திட்டான் என்பதில்தான் வேகமும் இருக்கிறது, பார்த்துக்கொண்டு நிற்கிறவரின் சிரிப்பும் இருக்கிறது.

"ஸ்கிடாடில் எண்டதுக்குக் கிட்ட வாறது பறந்திட்டான்தான்" என்று ரீச்சர் அதைச் சுற்றி வட்டம் போட்டார். கெதியாக இடத்தை விட்டுப் போவது. சத்தத்தோடு, காலடி கேட்க. ஒளித்து அல்ல. நான் அதுவரை மாறு என்பதுதான் அதற்குச் சரியான தமிழ் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். என் பெறாமகள் மாறவில்லை. எனக்கு முன்னாலேயே, எனக்குச் சொல்லிவிட்டு, பறந்தாள்.

சொல்லும் முறையையும் அன்றைக்கே பழக்கினார். ஸ்கி, டா, டில் என்று மூன்று துண்டு. பாரம் நடுவில் விழவேண்டும். முதல் துண்டு வழுக்கி வர, நடுத்துண்டு மேசையில் தட்டுகிற மாதிரி விழ, கடைசி உருண்டு போகும். பதினான்கு பேரும் மேசையில் தட்டித் தட்டிச் சொன்னோம். கீழே கடைக்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது.

அதன் பாவனையையும் நன்றாக விளங்கப்படுத்தினார். இந்தச் சொல்லுக்குச் செயப்படுபொருள் வேண்டாம், தனியே நிற்கும். தன்னைப் பற்றிச் சொல்லலாம்: "நான் ஸ்கிடாடில் பண்ணவேணும்." பிள்ளைகளைப் பார்த்துச் செல்லமாக ஏவலாம்: "ஸ்கிடாடில்! ஓடுங்கோ!" பள்ளிக்கூட மணி அடித்த பிறகும் வகுப்புக்குள் நிற்கிற பிள்ளைகளை ரீச்சர்மார் கலைப்பதற்குப் பொருத்தமான சொல். அம்மம்மாமாரின் வாயில் அதிகம் வருகிற, கொஞ்சம் பழைய வாசம் அடிக்கிற சொல். ஒப்பிசில் பெரியவரைப் பார்த்துச் சொல்லக்கூடாது. விண்ணப்பக் கடிதத்தில் எழுதக்கூடாது. இதே குடும்பத்தில் இன்னும் சில சொற்கள் இருக்கின்றன என்று பக்கத்தில் எழுதினார். "ஸ்க்ரம்" என்பது கோபம், நாயைக் கலைக்கிற மாதிரி. "வமூஸ்" என்பது ஸ்பானிய மொழியில் "போவோம்" என்று பொருள்படுகிற "வாமோஸ்" என்பதிலிருந்து அமெரிக்க ஆங்கிலத்துக்குள் வந்தது. பிரித்தானியர் சொல்லுகிற "ஸ்கார்ப்பர்" என்பதில் கள்ளத்தனம் இருக்கிறது. போலிசைக் கண்டு ஓடுகிறவனுக்குச் சரி, அதாவது எங்கள் மாறுவுக்குக் கிட்ட வருவது அதுதான்.

நேரம் ஐந்து ஐம்பதாகிவிட்டது. விசுவமடுப் பக்கம் பஸ்ஸுக்குப் போகிற நாங்கள் வழக்கமாக அந்த நேரத்தில் எழும்பிவிடுவோம். அன்றைக்கு ஒருவரும் எழும்பவில்லை, ஏனென்றால் ரீச்சர் சொல்லின் கதையைத் தொடங்கியிருந்தார்.

1861 இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. வடக்கும் தெற்கும் நாலு வருடம் அடிபட்டன. அந்த முதல் வருடமே இந்தச் சொல் பத்திரிகைகளில் அச்சேறிவிட்டது. எதிர்ப்பக்கத்துப் படைக்காரர் பின்வாங்கி ஓடியதைப் பரிகசித்து எழுதத்தான் அது பயன்பட்டது. அதற்கு முதல் எங்கிருந்து வந்தது என்பதை அகராதிகளே அடித்துச் சொல்வதில்லை. சிதறு என்று பொருள்படுகிற ஒரு கிரேக்கச் சொல்லோடு சிலர் தொடுத்தார்கள். ஸ்கொட்லாந்துப் பக்கம் வாளியிலிருந்து பால் சிந்துவதைச் சொன்ன பேச்சுவழக்கு அது என்று வேறு சிலர் சொன்னார்கள். "பால் சிந்திறதும் சனம் சிதறுறதும் ஒரே மாதிரித்தான் கண்ணுக்குத் தெரியும்" என்றார் ரீச்சர்.

அப்போதுதான் ஓட்டோ அண்ணை கேட்டார். அவர் வகுப்பில் அதிகம் கதைக்கிறவர் அல்ல.

"ரீச்சர், நாங்கள் முள்ளிவாய்க்கால் பக்கம் ஓடினதுக்கு இந்தச் சொல்லைச் சொல்லலாமோ?"

வகுப்பு அப்படியே நின்றுவிட்டது. கேட்டவர் பகிடிக்குக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவேண்டியிருந்தது. அவர் ஓட்டோவில் சில நேரம் வெளிநாட்டு ஆட்கள் ஏறுவார்கள், அந்த நாட்களைப் பற்றிக் கேட்பார்கள், என்ன சொல்லால் சொல்வது என்று அவருக்குத் தெரியாது.

ரீச்சர் மார்க்கரை மேசையில் வைத்தார். "இல்லைத் தம்பி. உந்தச் சொல்லை ஓடினவன் சொல்லுறேல்லை. நிண்டு பார்த்தவன் சொல்லுறது. ஓடுறவனைப் பார்த்துச் சிரிச்சவன் உண்டாக்கின சொல். பிள்ளையள் விளையாட்டுக்குச் சொல்லலாம், ஏனெண்டால் அதுகளை ஒருத்தரும் துரத்தேல்லை."

பிறகு பலகையின் மற்றப் பக்கத்தில் இரண்டு சொல் எழுதினார். ஒன்று "ஃப்ளீ", உயிருக்குப் பயந்து ஓடுவது. மற்றது "டிஸ்பிளேஸ்ட்", இடம்பெயர்க்கப்பட்டது. இரண்டாவதில் ஓடினவன் தானாகப் போகவில்லை, யாரோ பெயர்த்தார்கள் என்ற பொருள் உள்ளுக்குள்ளேயே இருக்கிறது என்று விளக்கினார். அண்ணை கொப்பியில் அதை எழுதிக்கொண்டார். எழுத்துக்கூட்டிப் பார்த்து, அடித்துவிட்டு, திரும்பவும் எழுதினார். நான் பக்கத்துக் கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரீச்சர் திரும்பி எங்களிடம் கேட்டார், "அப்ப நாங்கள் தமிழில என்ன சொன்னனாங்கள், ஞாபகம் இருக்கோ?" இரண்டு மூன்று பேர் ஒன்றாகச் சொன்னோம். வெளிக்கிடுங்கோ.

வெளிக்கிடு என்றால் வன்னியில் இருக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வேறு ஊர்க்காரர் யாரும் வாசித்தால் அவர்களுக்காகச் சொல்லுகிறேன். புறப்படு என்பதும் அதுதான், உடுத்து ஆயத்தமாகு என்பதும் அதுதான். "என்ன, வெளிக்கிட்டாச்சோ?" என்றால் சீலை கட்டியாச்சோ, பூ வைச்சாச்சோ என்று கேட்பது. "அவள் நல்லா வெளிக்கிட்டுக்கொண்டு போறாள்" என்றால் அலங்காரமாகப் போகிறாள் என்பது. கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் உரிய சொல்.

1996 இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருடம் கிளிநொச்சியைவிட்டு ஒருமுறை போனோம். அப்போது நான் சின்னப் பிள்ளை, ஊர்வலம் போகிற மாதிரிப் போனது மட்டும் நினைவு. இரண்டாம் முறை நல்ல நினைவு. 2009 ஜனவரி 2 இல் கிளிநொச்சி விழுந்தது. நாங்கள் வட்டக்கச்சியில் இருந்தோம். அப்பா வாசலில் நின்று அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னார். கலியாண வீட்டுக்கு நேரம் போகுது என்று அம்மாவை அவசரப்படுத்துகிற அதே சொல், அதே குரல். அவர் தையல் மெசினின் தலையைக் கழற்றி, பெட்சீற்றால் சுற்றி, சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினார். நான் அதன் பொபின் கேசைக் கழற்றி என் சட்டைப் பைக்குள் போட்டேன். சின்னச் சாமான், குலுக்கத்தில் விழுந்துவிட்டால் மெசின் வெறும் இரும்பு. தர்மபுரம், விசுவமடு, தேவிபுரம். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கிழமையோ மூன்று நாளோ, பிறகு அப்பா திரும்பவும் அதே சொல். தேவிபுரத்தில் சைக்கிளையும் மெசினையும் விட்டோம். பொபின் கேஸ் செட்டிக்குளம் முகாம் வரைக்கும் வந்தது. இப்பவும் என் கடை மேசை லாச்சிக்குள் இருக்கிறது. நான் இப்போது தைக்கிற மெசின் வேறு மாதிரி, அதற்குப் பொருந்தாது.

இதை நான் வகுப்பில் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதினேன். முதன்முதலாக ஆங்கிலத்தில், ஆறு வசனம். "மை பாதர் செட்" என்று தொடங்கி, வெளிக்கிடுங்கோ என்பதை அப்படியே தமிழில் விட்டேன். அடுத்த கிழமை ரீச்சர் திருத்தித் தந்தார். காலங்களில் மூன்று பிழை. அந்தத் தமிழ்ச் சொல்லைத் தொடவில்லை, அதற்குக் கீழே ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்.

அன்றிரவு ஒன்பது மணிக்குக் குரல் பதிவு வந்தது. இந்த வகுப்பின் இரண்டாவது நல்ல விசயம் இதுதான். ஒவ்வொரு நாளும் இரவில் ரீச்சர் வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் பேசி அனுப்புவார். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கலாம். அன்றைய பதிவு எனக்காகவே செய்தது போல இருந்தது. 1863 இல் அமெரிக்காவின் வடக்கில் கட்டாயமாகப் படைக்கு ஆள் எடுக்கும் சட்டம் வந்தது. அந்தக் காலத்தில் ஆட்சேர்ப்புக்குத் தப்பி எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போன இளைஞர்களை "ஸ்கிடாட்லர்" என்று கூப்பிட்டார்கள். நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் அப்படிப்பட்டவர்கள் குடியேறிய ஒரு மேட்டுநிலத்துக்கு ஸ்கிடாடில் ரிட்ஜ் என்றே பேர்.

கழுவின கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அதை மூன்று தரம் கேட்டேன். பிள்ளையைப் படைக்கு எடுத்துப் போய்விடுவார்கள் என்று பங்கருக்குள்ளும் பத்தைக்குள்ளும் ஒளித்து வைத்த தாய்மார் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். என் அக்கா கனடாவுக்குப் போன கதையும் அதிலிருந்து மிகத் தூரம் இல்லை. அங்கே பிறந்த பிள்ளை, ஒருவரும் துரத்தாத பிள்ளை, அந்தச் சொல்லைச் சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் பல் தீட்ட ஓடுகிறாள். எனக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில்தான்.

இனி குறைகள். இருக்கின்றன, மறைக்கமாட்டேன்.

மேல்மாடிக்கு ஒரே ஒரு காற்றாடி. வைகாசி, ஆனி வெய்யிலில் நாலு மணிக்கும் தகரக்கூரை கொதிக்கும். யன்னல் பக்கம் இருக்கவேண்டுமானால் மூன்றரைக்கே போகவேண்டும். யன்னல் பக்கம் ஏ9 வீதி, பஸ்காரர் ஹோர்ன் அடித்தால் ரீச்சர் வாயை மூடிக் காத்திருக்கவேண்டும். தருகிற போட்டோகொப்பிகள் கண்ணைக் கெடுக்கும். எங்கோ கொப்பி எடுத்ததைத் திரும்பத் திரும்பக் கொப்பி எடுத்திருக்கிறார்கள், ஓரத்தில் இருக்கிற எழுத்துகள் பாதிதான் தெரியும். என் வயதுக் கண்ணுக்கு அது பெரிய கரைச்சல். ஒரு ஸ்பீக்கர் வாங்கி வைத்து வேறு வேறு ஆட்கள் கதைப்பதைப் போட்டுக் காட்டினால் எவ்வளவு நல்லது. இப்போது எங்கள் காதுக்குப் பழக்கம் ரீச்சரின் ஆங்கிலம் மட்டும்தான். அக்காவின் மூத்தவன் வேகமாகக் கதைக்கத் தொடங்கினால் நான் இன்னும் கரையில்தான் நிற்கிறேன்.

இன்னொன்று, மூன்று மாதக் காசையும் முதலே கட்டவேண்டும். ஒரு கிழமை காய்ச்சலில் போகாவிட்டால் அது போனதுதான். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏழாயிரத்தைந்நூறை ஒரே முறையில் எடுப்பது சுலபம் இல்லை. இதை ரீச்சரிடம் நேரே சொன்னேன். மாடி வாடகை அப்படி, யோசிக்கிறேன் என்றார். பரந்தன் ஐயாவுக்கும் மகளுக்கும் மாதம் மாதம் கட்ட விட்டிருக்கிறார் என்று பிறகு அறிந்தேன். கேட்டால் விடுவார்போல, ஆனால் கேட்கக் கூச்சப்படுகிற ஆட்கள்தான் எங்கள் பக்கம் அதிகம்.

சோதினைக்குப் போகிற பெடியளுக்கு இது சரிவராது என்றே நினைக்கிறேன். அவர்களுக்கு வேகமாகப் பாடம் முடியவேண்டும். ஒரு சொல்லில் முக்கால் மணித்தியாலம் நின்ற அன்றைக்கு இறந்தகால வினைகள் அரைவாசியோடு நின்றன. மூன்று பேரில் ஒருவன் அடுத்த கிழமையோடு நின்றுவிட்டான். அவன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வீட்டில் ஆங்கிலம் கதைக்கிற பேரப்பிள்ளையோ பெறாமகளோ இருக்கிறவர்கள், கடையில் வெளி ஆட்களோடு நாலு சொல் கதைக்கவேண்டியவர்கள், ஒரு சொல்லை யாரிடம் எப்போது சொல்லலாம், யாரிடம் சொல்லவே கூடாது என்று அறியவேண்டியவர்கள், இங்கே போகலாம். அதைச் சொல்லித்தருகிற இடம் நான் வேறு காணவில்லை.

இப்போது ஐந்து நாற்பத்தைந்தானால் ரீச்சர் கடிகாரத்தைப் பார்த்து, பஸ் ஆட்களைப் பார்த்து, கையைத் தட்டி "ஸ்கிடாடில்!" என்கிறார். நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு படியால் இறங்கி ஓடுகிறோம். ஓட்டோ அண்ணை பின்னால் நின்று சிரிப்பார்.

பெறாமகளோடு நடந்ததையும் சொல்லவேண்டும். அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த விடியலே, அவள் வாய் திறக்க முதல் நான் சொன்னேன், நடுத்துண்டில் சரியாகத் தட்டி. அவள் வாயைப் பிளந்துகொண்டு தாயைக் கூப்பிட்டாள். அன்றைக்குத்தான் நான் அவளுக்கும் ஒன்று சொல்லிக்கொடுத்தேன். எங்களில் "போறன்" என்று சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் இல்லை, "போட்டு வாறன்" என்றுதான் சொல்லவேணும், திரும்பி வருவன் என்பதையும் சேர்த்துச் சொல்லவேணும் என்று. அவளுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. இப்போது கிழமைக்குக் கிழமை "சித்தி, ஸ்கிடாடில் பண்ணிட்டு வாறன்" என்கிறாள். வாறன் என்பதில் றகரம் இன்னும் சரியாக வரவில்லை. வரும்.

இரண்டாம் கட்ட வகுப்புக்கு நான் பேர் குடுத்துவிட்டேன். புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தை மாதம் முதலாம் சனிக்கிழமை தொடங்குகிறது. கொப்பியும் பேனையும் கொண்டுபோங்கள், ஒரு போத்தல் தண்ணியும் கொண்டுபோங்கள். கீழே கடையில் ஐந்து மணிக்கு வாய்ப்பனும் பிளேன்ரீயும் கிடைக்கும், வாய்ப்பன் சூடாக இருக்கும்போதே இறங்கிப் போய் வாங்கிவிடவேண்டும், கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.